ஒரு வடலி, மூன்று சத்திரம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாதிப் பேர் 'சத்திரம்' என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். பெயருக்கு என்ன அர்த்தம்? தெரியாத சொல்லுக்கு அகராதியில் பொருள் இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று ஏன் இருப்பதில்லை?
- ஒரு வாசகர், பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் வட்டம்

பதில்: வடலி என்றால் இளம்பனை. யாழ்ப்பாணத்திலும் இதே சொல்தான். 'வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா' என்று அங்கே அலுத்துக்கொள்வார்கள். பனை பாளை விடப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது காத்திருக்க வேண்டுமே! 'பனைவடலி' என்று இருக்க வேண்டியது பேச்சில் ஐ தேய்ந்து 'பன' ஆகிவிட்டது. வாழைமரத்தை 'வாழமரம்' என்கிறோமே, அந்த மாதிரி. வாயில் வந்தபடியே பெயர்ப்பலகைக்கும் ஏறிவிட்டது. வடலிக்குப் பக்கத்திலேயே விடிலி என்று இன்னொரு சொல் உண்டு. அது பதநீர் காய்ச்சும் குடிசை. அரைகுறையாகக் காதில் வாங்கினால் மரத்தில் குடியிருக்க வேண்டியதுதான்.

சிக்கல் சத்திரத்தில்தான். வழிப்போக்கருக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுப்பது ஒரு சத்திரம். வடமொழி 'ஸத்ர'விலிருந்து வந்தது. உங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது இதுதான். 'சஸ்திர'விலிருந்து வந்த சத்திரம் ஆயுதம். ஆபரேஷனை இலங்கைப் பத்திரிகைகள் இன்றும் 'சத்திர சிகிச்சை' என்றுதான் எழுதுகின்றன. மூன்றாவது சத்திரம் குடை. வடமொழியில் மூன்றும் மூன்று வேறு எழுத்தில் தொடங்குகின்றன. தமிழுக்கு வந்ததும் மூன்றுக்கும் ஒரே ச.

அந்த ச-வை எப்படிச் சொல்வது? இலக்கணப்படி 'பனவடலிச்சத்திரம்' என்று ஒற்று மிக வேண்டும். ஒற்று இருந்தால் 'கச்சேரி'யில் கேட்கும் ஒலி. இல்லாவிட்டால் 'பசி'யில் கேட்பது. ஆங்கிலத்தில் எழுதும்போது கச்சேரி ஒலியைப் போடுகிறார்கள், தமிழில் எழுதும்போது ஒற்றை விட்டுவிடுகிறார்கள். வெளியூர்க்காரர் என்ன செய்வார், பாவம்!

அகராதியில் உச்சரிப்பு இல்லாததற்குக் காரணம், நம் சொல் முதலில் காது வழியாக வந்ததுதான். தொல்காப்பியர் உரியியலில், எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு, வழக்கில் அரிதான சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லிக்கொண்டு போகிறார். பின்னால் வந்த திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி நிகண்டு எல்லாமே செய்யுள். திண்ணைப் பள்ளியில் வாத்தியார் சொல்லுவார், பையன்கள் திருப்பிச் சொல்லுவார்கள். ஒலி முதலில் வந்துவிடும். பொருள் பின்னால் மெதுவாக வரும். 'பம்பரம்' என்பதில் இரண்டு ப-வும் ஒரே ஒலியில்லை என்று எந்தப் பையனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் நம்மில் பலர் அதைக் கவனித்ததில்லை.

1594-ல் சிதம்பர ரேவணசித்தர் சொற்களை அகர வரிசையில் அடுக்கி 'அகராதி நிகண்டு' செய்தார். அகரத்தை ஆதியாக உடையது அகராதி. 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. மனப்பாடம் இல்லாதவனும் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்தப் பக்கத்தில் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளை நெல்லைச் சீமைக்காரர். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ரோமன் எழுத்தில் வடிவம் உண்டு. அட, உச்சரிப்பு கிடைத்துவிட்டது என்று பார்த்தால், 'வட்டம்', 'வடலி' இரண்டிலும் ட-வுக்கு ஒரே ரோமன் எழுத்து! எழுத்துக்கு எழுத்து பெயர்த்தார்களே தவிர ஒலியைக் காட்டவில்லை. தமிழ் கேட்டறியாத ஒருவர் அதை வைத்து வடலியை 'வட்டலி' மாதிரி படித்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வட்டாரச் சொற்களுக்கு, கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982-ல் தந்த கரிசல் சொல்லகராதியைப் பாருங்கள். கரிசல் உங்களுக்கும் தூரமில்லை.

ஒரு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த ச்-ஐ அழுத்துகிறார்களா, நழுவ விடுகிறார்களா? கடிதத்தில் எழுதினால் காதில் விழாது. போனில் சொல்லுங்கள்.