சுருங்கச் சொல்லலும் காணொளிச் சுருக்கமும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலிலே சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள் ஒன்றாகவும், கூறியது கூறலையும் குன்றக் கூறலையும் குற்றங்களாகவும் வைத்தார். காணொளியைச் சுருக்கும் இக்கால விஞ்ஞானமும் இம்மூன்றையுமே பற்றி நடத்தல் மாணாக்கர் அறிந்து இன்புறற்பாலது.

முதற்கண் சுருக்கம் ஏன் வேண்டும் என்பதை நோக்குவாம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளையுடைய படமொன்றில் 2,073,600 புள்ளிகள் உள. 0 அல்லது 1 ஆகிய குறியே பிற்று எனப்படும். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிற்றுக்கள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் எனின், ஒரு விநாடிக் காட்சிக்கே 124 கோடிக்கு மேற்பட்ட பிற்றுக்கள் ஆகின்றன. சாதாரண கைத்தொலைபேசி இணைப்பு இச்சுமையைத் தாங்காது.

இனிச் சுருக்கும் முறையைக் காண்பாம். மேடையில் ஒருவர் பேசுகின்றார் எனக் கொள்க. அவர் பின்னுள்ள திரை படத்துக்குப் படம் மாறுவதில்லை. அதனை மீட்டும் மீட்டும் அனுப்புதல் கூறியது கூறலாம். ஆகலின் முற்படத்தின் அப்பகுதியையே ஈண்டுங் கொள்க என்னும் குறிப்பு மாத்திரம் அனுப்பப்படும். அவர் கையசைப்பின், கை எத்திசையில் எவ்வளவு பெயர்ந்தது என்பதும், அவ்வாறு பெயர்த்தமைத்த படத்துக்கும் உண்மைப் படத்துக்குமுள்ள வேறுபாடுமே அனுப்பப்படும். முற்சூத்திரத்துச் சொல்லைப் பிற்சூத்திரத்தில் வருவித்துக் கொள்ளுதல் போன்றது இது. ஆயினும், ஒரு படம் பழுதுபடின் அதனைச் சார்ந்தனவும் பழுதுபடுமாதலின், இடையிடையே பிறிதொன்றைச் சாராத முழுப்படங்கள் வைக்கப்படும்.

அவ்வேறுபாட்டிலும் கண் எளிதிற் காணாத நுண்மைகள் விடப்படும். அளவு கடந்து விடின் முகங் கட்டங்கட்டமாய்ச் சிதைந்து தோன்றும். அது குன்றக் கூறலாம்.

2003 இல் வெளிவந்த எச்.264 நியமம் படத்தைப் பக்கத்துக்கு 16 புள்ளியுடைய சதுரங்களாகப் பகுத்தது. 2013 இல் வந்த எச்.265 அச்சதுரத்தை 64 புள்ளி வரையும், 2020 இல் வந்த எச்.266 128 புள்ளி வரையும் விரித்தன. வானம், சுவர் போன்ற ஒருநிறப் பரப்பைப் பெருஞ் சதுரத்தாலும், நுண்ணியவற்றைச் சிறு சதுரங்களாலும் கூறல் இதனால் எளிதாயிற்று. தெளிவு குன்றாமற் பிற்றுக்களை ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைத்தலே புதிய நியமங்களின் நோக்கம். ஆயின், பிற்றுக் குறையக் கணிப்பு வேலை பெருகும். பழைய கருவிகள் பல புதிய நியமத்தை வாசிக்கமாட்டா.

ஈண்டு மறக்கலாகாதது ஒன்றுண்டு. ஒருமுறை விடப்பட்ட நுண்மை மீளாது. சுருக்கியதனையே மறுபடியுஞ் சுருக்குந்தோறும் இழப்புப் பெருகும். ஆதலின், கல்லூரி விழாக் காணொளிகளைப் பிறர்க்கு அனுப்பும்பொருட்டுச் சுருக்குக; கருவி பதிந்த மூலத்தையோ அவ்வாறே பேணுக. சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை, ஏட்டுச் சுவடிகள் எஞ்சியிருந்தமையாலன்றோ கைகூடிற்று?