வாகன விபத்தும் நட்டஈடும்: எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

இம்முறை சுகாதாரப் பக்கத்தில் நோயைப் பற்றியல்லாது, வாகன விபத்தில் காயமடைந்தவருக்குக் கிடைக்கும் நட்டஈட்டைப் பற்றி எழுதுகிறோம். இது சட்டத்தரணியின் விடயமல்லவா, வைத்தியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். கியூபெக்கில் அந்த நட்டஈடு பெருமளவுக்கு வைத்தியர் எழுதும் அறிக்கையிலேயே தங்கியிருக்கிறது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மொன்றியல் தீவின் மேற்கு முனை. இருபதாம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்ராறியோ எல்லை. எங்கள் உறவினர்களிற் பலர் ரொறன்ரோவில் இருப்பதால் அங்குள்ள கதைகளே இங்கும் பரவுகின்றன: "லோயரைப் பிடி, வழக்குப் போடு." அங்கே காயத்துக்கான கொடுப்பனவைத் தருவது தனியார் காப்புறுதி நிறுவனம், பிழைவிட்ட சாரதி மீது வழக்கும் தொடரலாம். இங்கே அப்படியல்ல. அமைச்சர் லீஸ் பயெற் கொண்டுவந்த சட்டம் 1978 மார்ச் 1 இல் நடைமுறைக்கு வந்தது முதல், உடற்காயத்துக்கு யார் பிழை என்று கேட்கப்படுவதில்லை. எஸ்.ஏ.ஏ.கியூ எனும் அரச நிறுவனமே நட்டஈடு வழங்குகிறது. மற்றச் சாரதி மீது வழக்குப் போட முடியாது. வாகனத்துக்கு ஏற்பட்ட சேதம் மட்டும் தனியார் காப்புறுதியைச் சேர்ந்தது.

சாரதி, பயணி, நடந்துபோனவர், சைக்கிளில் போனவர் எல்லோருக்கும் இது உரியது. பிரசாவுரிமை தேவையில்லை. சட்டபூர்வமாக இங்கு வாழும் அகதிக் கோரிக்கையாளரும் கியூபெக் வாசியே. கியூபெக் வாசி ஒன்ராறியோவிலோ இலங்கையிலோ வாகன விபத்தில் சிக்கினாலும் எஸ்.ஏ.ஏ.கியூ பொறுப்பு.

இனி எங்கள் அனுபவத்தில் அதிகம் பிழைக்கும் இடத்துக்கு வருவோம். பின்னாலிருந்து இடிபட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார். கழுத்து நோ பல வேளைகளில் சில மணித்தியாலங்கள் கழித்து அல்லது மறுநாள்தான் தெரியவரும். பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். இரண்டு மாதம் கழித்துக் கை விறைக்கிறது என்று வரும்போது, அதை விபத்தோடு தொடர்புபடுத்த எங்களிடம் ஒரு வரி எழுத்தும் இருக்காது. ஆகவே இயன்றளவு விரைவாக ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். தலையிடி கூடிக்கொண்டு போனால், வாந்தி வந்தால், கைகால் விறைத்தால் உடனே அவசரப் பிரிவு. எமது ஊரிலுள்ள சென்ட்-ஆன் வைத்தியசாலைக்கு ஓடாதீர்கள், அங்கே அவசரப் பிரிவு இல்லை. பொயின்ற்-கிளெயார் லேக்‌ஷோர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கழுத்துக் காயத்தை வைத்தியர்கள் தரம் பிரிக்கும் முறையே கியூபெக்கில் பிறந்ததுதான். எஸ்.ஏ.ஏ.கியூவின் வேண்டுகோளில் ஒரு நிபுணர் குழு ஆராய்ந்து 1995 இல் அதை வெளியிட்டது. நோ மட்டும் இருந்தால் முதலாம் தரம். கழுத்தைத் திருப்பும் அளவு குறைந்திருந்தால் அல்லது தொட்ட இடம் நொந்தால் இரண்டாம் தரம். நரம்பு பாதிப்பு மூன்றாம் தரம். எலும்பு முறிவு அல்லது விலகல் நான்காம் தரம். வெறுமனே "உடம்பெல்லாம் நோகுது டொக்டர்" என்று சொன்னால் எழுதுவது கடினம். எந்த இடம், எப்போது தொடங்கியது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்.

மனக்காயமும் சட்டப்படி காயமே. ஷெல் சத்தத்தில் வாழ்ந்து வந்தவர்களுக்கு ஒரு மோதலின் சத்தம் பழையவற்றை எழுப்பிவிடும். நித்திரையில்லை, காரில் ஏறப் பயம் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பழைய போர்க் காயம் விபத்தால் மோசமானாலும் மறைக்கவேண்டாம். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று இரண்டையும் நாங்கள் எழுதவேண்டும்.

வேலைக்குப் போக முடியாதவருக்கு, சட்டம் குறித்த உச்ச வருமானத்துக்கு உட்பட்டு, தேறிய வருமானத்தின் 90 வீதம் கிடைக்கும். முதல் ஏழு நாட்களுக்குக் கிடையாது. வருமானத்தை நிரூபிக்கவேண்டும். உணவகத்தில் கையில் காசாக வாங்கி வரிக்குக் காட்டாத சம்பளம் இந்த இடத்தில் கைகொடுக்காது. பிசியோதெரபி, மருந்து, வைத்தியரிடம் போய்வரும் செலவுக்குப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நேரத்தில் விபத்துக்குள்ளான தொழிலாளி முதலில் சி.என்.இ.எஸ்.எஸ்.ரி இடம் விண்ணப்பிக்கவேண்டும்.

ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவின் நிலை சற்று வேறு. கியூபெக்கில் பதிந்த காரில் அவர்கள் பயணிக்கையில் இங்கு விபத்து நேர்ந்தால், கியூபெக் வாசியாகவே கருதப்படுவர். ஆனால் வீதியைக் கடக்கையில் இடிபட்டால், அவர்கள் பக்கத்துப் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும். வைத்தியசாலைச் செலவோ தனிப் பிரச்சினை. வருமுன் பயணக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.

விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. மறுத்துக் கடிதம் வந்தால் 60 நாட்களுக்குள் மீளாய்வு கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் மேலும் 60 நாட்களுக்குள் கியூபெக் நிர்வாக நீதிமன்றுக்குப் போகலாம். கடிதம் பிரெஞ்சில் இருக்கிறது என்று மேசையில் போட்டுவைக்காமல், அன்றைக்கே யாரிடமாவது வாசிப்பியுங்கள்.