கயாக் படகில் வளைய வலைகளை ஏற்றிச் செல்லும் தாங்கி

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி மக்கள் மரச்சட்டத்தின்மேல் தோலைப் போர்த்தி உருவாக்கிய சிறு துடுப்புப் படகாகும். இன்று அது பாலிதீனால் வார்க்கப்பட்டு உலகெங்கும் பயன்படுகிறது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாக் கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள பருவத்தில், இத்தகைய படகுகளில் சென்று வளைய வலைகளால் சிங்கி இறால் பிடிப்போர் பலர். சிங்கி இறால் இரவில் இரை தேடும் உயிர். ஆகவே இத்தொழில் இருளில், குளிர்ந்த நீரின்மீது நடைபெறுவது. அங்கு படகு கவிழ்தல் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வலைகளை வைக்கும் தாங்கி சரியாக அமைவது வசதியைப் பொறுத்த செய்தி மட்டுமன்று, பாதுகாப்பைப் பொறுத்ததுமாகும்.

வலையும் விதியும்

வளைய வலை என்பது உலோக வளையத்தில் வலைப்பை கட்டப்பட்ட எளிய சாதனம். நடுவில் இரை வைத்து, கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்குவர். மேலே மிதவை ஒன்று அடையாளமாக நிற்கும். குறித்த நேரம் கழிந்தபின் கயிற்றை விரைந்து இழுத்தால், இரையை மொய்த்திருக்கும் இறால் வலைப்பைக்குள் அகப்படும். கலிபோர்னிய விதிகளின்படி வளையத்தின் விட்டம் 36 அங்குலத்திற்கு மிகலாகாது. ஒருவர் 5 வலைகள் வரையே பயன்படுத்தலாம். 2 மணிக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு வலையையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும். மேலோட்டின் நீளம் 3¼ அங்குலத்திற்குக் குறைந்த இறாலை உடனே கடலில் விட்டுவிட வேண்டும். ஆகவே ஐந்து வலைகளைத் தாங்குமாறும், அவற்றை ஒவ்வொன்றாக எளிதில் எடுக்குமாறும் தாங்கி அமைதல் போதுமானது.

புவியீர்ப்பு மையம்

தாங்கியை உயரமாக அமைத்தால் வலைகளை எட்டி எடுப்பது எளிது. ஆனால் அதனால் நேரும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். படகின் எடை 30 கிலோ, அமர்ந்திருப்பவரின் எடை 75 கிலோ, ஐந்து வலைகளும் கயிறுகளும் சேர்ந்து 15 கிலோ எனக் கொள்வோம். படகின் அடியிலிருந்து அளந்தால் படகின் எடை 15 செ.மீ. உயரத்திலும், மனிதரின் எடை 35 செ.மீ. உயரத்திலும் மையம் கொண்டிருப்பதாகக் கொள்வோம். வலைகளின் மையம் 35 செ.மீ. உயரத்தில் இருந்தால் அனைத்தின் பொது மையம் 30 செ.மீ. உயரத்தில் அமையும். அவ்வலைகளையே 70 செ.மீ. உயரத்தில் வைத்தால் பொது மையம் 34.4 செ.மீ. ஆக உயரும்.

இந்த 4.4 செ.மீ. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சாய்ந்த படகை நிமிர்த்தும் ஆற்றல், புவியீர்ப்பு மையத்திற்கும் அதற்கு மேலுள்ள நிலைமையப் புள்ளிக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது. அத்தூரம் 20 செ.மீ. எனில், சுமையை உயர்த்தி வைத்ததால் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் இழக்கப்படுகிறது. வலையை இழுப்பவர் படகின் ஓரமாகச் சாய வேண்டியிருப்பதால், இந்த இழப்பு மிகவும் வேண்டாத தருணத்தில் வெளிப்படும். எனவே முதல் விதி: சுமை தாழ்ந்திருக்க வேண்டும்.

தாங்கியின் அமைப்பு

மேலே அமர்ந்து செலுத்தும் கயாக்கில் இருக்கைக்குப் பின்னால் சரக்குப் பள்ளம் ஒன்று உண்டு. தாங்கிக்கு ஏற்ற இடம் அதுவே. 1 அங்குல பி.வி.சி. குழாய், எல்போ, டீ இணைப்புகள் ஆகியவற்றைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்யலாம். ஏறத்தாழ 6 மீட்டர் குழாய் தேவைப்படும்.

பள்ளத்தின் அடியில் படியுமாறு ஒரு சட்டம் முதலில் செய்யப்படும். அதன் நான்கு மூலைகளிலும், படகின் விளிம்பைச் சற்றே தாண்டும் உயரத்திற்குக் கால்கள் பொருத்தப்படும். அவற்றின்மேல் 60 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம் அமையும். சதுரத்தின் மூலைகளில் 30 செ.மீ. உயரமுள்ள முளைகள் நான்கு நிறுத்தப்படும். 60 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 85 செ.மீ.; குழாயின் கனம் 3.4 செ.மீ. போக, முளைகளுக்கு இடையே 81.5 செ.மீ. எஞ்சும். 80 செ.மீ. விட்டமுள்ள வளையம் அதில் நெருக்கமின்றி அமர்ந்து, ஆடாமலும் நிற்கும். வேறு அளவுள்ள வலைக்கு இதே கணக்கைக் கொண்டு சதுரத்தின் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். வலைகள் துடுப்பு வீச்சிற்குப் பின்னால் இருக்கின்றனவா என்பதைக் குழாய் வெட்டுமுன் அளந்து பார்த்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

சரக்குப் பள்ளத்தில் நீர் வடிவதற்கான துளைகள் படகை ஊடுருவிச் செல்கின்றன. கட்டுமரத்தின் இடைவெளிகளில் நீர் வடிவது போலவே, மேலே ஏறும் அலை நீர் இத்துளைகளின் வழியே இறங்கிவிடும். தாங்கியின் கால்களை இத்துளைகளுக்குள் செருகி நிறுத்துவோர் உண்டு. அலையில் தாங்கி ஆடும்போது துளையின் விளிம்பில் அழுத்தம் குவிந்து பாலிதீன் வெடிக்கலாம். வெடித்தால் நீர் படகின் உட்கூட்டிற்குள் கண்ணுக்குத் தெரியாமல் புகும். ஆகவே சுமை முழுவதும் பள்ளத்தின் தளத்தில், நுரைப் பட்டைகளின்மேல் தங்க வேண்டும். தாங்கியைப் படகிலுள்ள வளையங்களோடு வார்களால் கட்டவேண்டும். துளைகள் திறந்தே இருத்தல் வேண்டும்.

குழாய்க்குள் புகும் நீரும் கவனத்திற்குரியது. 6 மீட்டர் குழாய் நிரம்பினால் 3 கிலோவுக்கு மேல் எடை கூடும். மூட்டுகளைப் பசையிட்டு முற்றிலும் அடைக்க வேண்டும்; அல்லது கழற்றி மாட்டும் தாங்கியாயின், ஒவ்வொரு தாழ்ந்த பகுதியிலும் சிறு வடிதுளை இடவேண்டும். பி.வி.சி. வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறும். வண்ணம் பூசினால் நீடித்து உழைக்கும். குழாயை வளைக்க நெருப்பில் காட்டலாகாது. மிகைச் சூட்டில் நச்சு வாயு வெளிப்படும். எல்போக்களே போதுமானவை.

அடுக்கும் முறை

வலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கப்படும். ஒவ்வொரு வலையின் கயிறும் அவ்வலைக்குள்ளேயே சுருட்டப்பட்டு, மிதவை மேலாக வைக்கப்படும். இறுதியில் இறக்கப்படும் வலை அடியில் இருக்கும். கயிறுகள் ஒன்றோடொன்று கலந்தால் இருளில் பிரிப்பது அரிது. காலில் சுற்றினால் பேராபத்து. அடுக்கின்மேல் ஒரு கையால் அவிழ்க்கக்கூடிய வார் ஒன்று குறுக்கே செல்லும். கரையில் உடையும் அலைகளைக் கடக்கும்போது இந்த வாரே வலைகளைக் காக்கும்.

சோதனை

கடலுக்குச் செல்லுமுன், அமைதியான ஆழமற்ற நீரில், பகலில் தாங்கியைச் சோதித்தல் வேண்டும். முழுச் சுமையுடன் இருபுறமும் சாய்ந்து பார்க்கலாம். பின்னர் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மீண்டும் நிமிர்த்தி ஏறிப் பார்க்க வேண்டும். தாங்கி கழன்றாலோ, ஏறுவதற்குத் தடையாக நின்றாலோ குறை அங்கேயே தெரிந்துவிடும். உயிர்காப்புச் சட்டை, வெள்ளை ஒளி விளக்கு, கயிற்றை அறுக்கும் கத்தி ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

சில குழாய்த் துண்டுகளாலான இச்சிறு சாதனத்திலும் மிதவை விதியும், எடையின் விதியும், பொருள்களின் வலிமையும் ஒருங்கே செயற்படுகின்றன. வெட்டுமுன் அளப்பதும், கடலில் இறங்குமுன் கரையருகே சோதிப்பதும் அரைநாள் வேலை. இரவுக் கடலில் நேரக்கூடிய விபத்தை அந்த அரைநாள் தடுக்கக்கூடும்.