பாதத்தின் வழியே நுழையும் நோய்



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி அல்பெண்டசோல் மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் செல்கிறது. அது ஏன் என்று இம்முறை விளக்க விரும்புகிறோம்.

குடற்புழு என்றதும் மிட்டாய் தின்ற பிள்ளையின் வயிற்றுவலிதான் நினைவுக்கு வருகிறது. (இனிப்பினால் பூச்சி வருவதில்லை, அது பாட்டிமார் சொல்.) உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் அழுக்குக் கையாலும் கழுவாத காய்கறியாலும் வாய்வழியே சேருகின்றன. கொக்கிப்புழுவின் வழி வேறு. ஈரமும் நிழலுமான மண்ணில் கழித்த மலத்தில் அதன் முட்டைகள் பொரிகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமே வளரும். குடற்சுவரைக் கவ்வி ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கும்.

ரமணாசிரமத்தின் வழியாக 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வோர் வெறுங்காலுடன் நடக்கிறார்களே, அவர்களுக்கு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்து சுடும் தார்ச்சாலையில் இளம்புழு பிழைக்காது. ஆபத்து வயல் வரப்பிலும், கழிப்பறையில்லாத வீட்டின் பின்புறத் தோப்பிலும் இருக்கிறது.

2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரை கொடுக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலூர் சி.எம்.சி. 2017-ல் நமது மாவட்டத்து ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் தொடங்கிய டிவார்ம்3 ஆய்வில், கொக்கிப்புழுவே மிகுதி என்றும், அது பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம் என்றும் தெரியவந்தது. பிள்ளை மாத்திரை விழுங்குகிறது. களையெடுக்கும் தாய் விழுங்குவதில்லை. அவளுடைய வெளுத்த முகத்தையும் மூச்சுவாங்கலையும் வேலைக் களைப்பென்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும்போது இரண்டு உயிர்கள் ஆபத்தில் இருக்கின்றன.

மாத்திரை உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும்; மறுபடி வராதபடி காக்காது. அதே தோப்புக்குப் போனால் மறுபடியும் வரும். உபாகமம் 23-ம் அதிகாரத்தில் பாளயத்துக்கு வெளியே குழி தோண்டி மலத்தை மூடும்படி ஒரு கட்டளை இருக்கிறது. பிரசங்க பீடத்தில் அதை நாங்கள் வாசிப்பது அபூர்வம். கிராமக் கூட்டங்களில் தயங்காமல் வாசிக்கிறோம்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இம்மாத்திரை கூடாது. ஆகையால் பெண்களிடம் நர்சுகள் முதலில் அதைக் கேட்டறிகிறார்கள்.

செருப்பு அனுப்ப விரும்புவோர் பெரியவர்களின் அளவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். பிள்ளைகளின் அளவுகளே அதிகம் வருகின்றன.