பேதி மருந்தும் ஓயாத வயிற்றுத் தொல்லையும்

“வயிறு சரியில்லை” என்னும் சொற்களைத் தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒருநாள் வந்து மறுநாள் நீங்கிவிடும் வயிற்றுவலியைப் பற்றி இங்கு நாம் பேசப்போவதில்லை. மாதக்கணக்கில் நீடித்து, ஒருநாள் மலச்சிக்கலாகவும் மறுநாள் வயிற்றுப்போக்காகவும் மாறி மாறி வருத்தும் குடல் தொல்லையே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதற்கு நம் வீடுகளில் வழிவழியாகச் செய்யப்படும் மருத்துவம் பேதிக்குக் கொடுப்பது. விளக்கெண்ணெயோ நிலாவரையோ கொடுத்து வயிற்றைக் கழுவிவிட்டால் சூடு தணியும், வாயு நீங்கும் என்பது பெரியோர் நம்பிக்கை. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் சரியன்று. அக்காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. காடு திருத்தி ரப்பர் நட்ட நாள்களில் தோட்டத் தொழிலாளரை வாட்டிய நோய்களுள் கொக்கிப்புழு கொடியது. வெறுங்காலின் தோல்வழியே உட்புகுந்து, சிறுகுடலைக் கவ்வி, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது அது. அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று, மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையில், 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜித் தீவுகளிலும் இந்நோயையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. அன்றைய மருத்துவர்களும் புழு மருந்தோடு பேதி மருந்தையும் சேர்த்தே கொடுத்தனர்.

இன்று கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை போதும். பேதி மருந்து வேண்டியதில்லை. காலணியும் கழிப்பிடமும் வந்தபின் புழுவும் குறைந்தது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, மக்கள் ஈப்போவின் புறநகர்களில் குடியேறியபோது, விளக்கெண்ணெய்ப் புட்டியும் உடன் சென்றுவிட்டது!

நலமாயுள்ள ஒருவர் நாளுக்கு மூன்று முறையும் மலம் கழிக்கலாம். வாரத்திற்கு மூன்று முறையும் கழிக்கலாம். இரண்டும் இயல்பே. பேதி மருந்து குடலை முழுதும் வெறுமையாக்கிவிடுகிறது. அது மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாள் செல்லும். அந்நாள்களில் மலம் கழியாததைக் கண்டு, “மறுபடியும் சிக்கிக்கொண்டது” என்று இன்னொரு முறை மருந்து குடிக்கிறோம். இவ்வாறு மருந்தே நோயாக மாறுவதைப் பலர் உணர்வதில்லை.

அப்படியாயின் ஓயாத தொல்லைக்குக் காரணம் யாது? புழுவும் புண்ணும் கட்டியும் இல்லாதபோதும் குடல் ஒழுங்காக இயங்காத நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் இதனை ஐ.பி.எஸ். என்பர். மூன்று மாத காலமாக, சராசரி வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி வந்து, அவ்வலி மலம் கழிப்பதோடும் மலத்தின் தன்மை மாறுவதோடும் தொடர்புற்றிருத்தல் இதன் அடையாளம். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாது செய்தி செல்கிறது. அச்செய்தி மிகைப்படும்போது, பிறர் உணராத சிறு அசைவும் வாயுவும் இவர்களுக்கு வலியாகத் தோன்றுகின்றன. கடும் வயிற்றுப்போக்கு நோய் கண்டவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது பின்னர் தொடங்குவதும் உண்டு. ஆகவே, “எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டார் ஏளனம் செய்தல் தகாது. வலி மெய்யான வலியே.

மரம் சீவுவோரின் நாளை எண்ணிப் பாருங்கள். இருளில் எழுந்து, பசியாறாமல், பால் கலந்த தேநீர் ஒன்றைக் குடித்துவிட்டு வெட்டுக்காட்டுக்கு விரைகிறோம். காலையில் மலம் கழிக்கும் உணர்வு எழும் நேரத்தில் நாம் நிரையில் நிற்கிறோம்; அடக்கிக்கொள்கிறோம். நாள்தோறும் அடக்கினால் அவ்வுணர்வே மங்கிவிடும். கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, சிறிது உண்டு, அமைதியாகக் கழிப்பிடம் சென்று வருதல் எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

உணவில் கவனிக்க வேண்டியவை நாம் ஐயுறாதவையே. காரத்தை மட்டும் குற்றஞ்சாட்டுகிறோம். ஆனால் பால், பருப்பு, வெங்காயம், பூண்டு, கோதுமை ரொட்டி ஆகியவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் முழுதும் செரியாமல் பெருங்குடலை அடைந்து, அங்கு நொதித்து வாயுவாகின்றன என்று மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் விளக்கியுள்ளனர். சோறு பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. இதனைப் படித்ததும் அனைத்தையும் ஒருசேர விலக்கிவிட வேண்டா; உடல் மெலியும். முதலில் இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மாற்றமில்லையேல் பாலுக்குத் திரும்பி, அடுத்ததைச் சோதியுங்கள். உண்டதையும் வலித்த நாளையும் பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மலச்சிக்கல் மிகுந்தோர் இசப்புகோல் உமியைச் சிறிதளவில் தொடங்கி, நிறைய நீருடன் பருகலாம். மருத்துவர் சிலருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பார். அது குடல் நரம்புகளின் வலியைத் தணிப்பதற்கே. பைத்தியம் என்று கருதியன்று.

இனிக் கூறுவது மிக இன்றியமையாதது. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், சோகை, உறக்கத்தினின்று எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதை அணுகும்போது புதிதாகத் தோன்றிய மாறுதல், குடும்பத்தில் எவர்க்கேனும் குடற்புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் வீட்டு மருத்துவம் கூடாது. இரத்தத்தைக் கண்டு “மூலச்சூடு” என்று மோர் குடித்துக் காலம் கடத்தியோர் பலர். மூலமாகவும் இருக்கலாம், ஆயின் அதனைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. மலேசியாவில் பெருங்குடற்புற்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. முன்னரே கண்டால் குணப்படுத்தலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்க்கு, தொல்லை ஏதும் இல்லாவிடினும், கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தைக் காட்டும் மலச்சோதனை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் செய்யப்படுகிறது. சிறு குப்பியில் மாதிரி கொடுத்தால் போதும். அதில் இரத்தம் தென்பட்டால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய மருத்துவமனைகளில் குடலுள்நோக்கிச் சோதனை செய்வர்.

மருத்துவரிடம் சென்றும் நாணத்தால் “சாக்கிட் பெருட்” என்று மட்டும் கூறித் திரும்புவோர் உளர். வயிற்றுவலி என்பதற்கு மேல் அவருக்கு அதனால் எதுவும் விளங்காது. மலச்சிக்கல் ‘செம்பெலிட்’, வயிற்றுப்போக்கு ‘சிரிட் பிரிட்’, மலம் ‘நாஜிஸ்’, இரத்தம் ‘டாரா’. எத்தனை நாளாக, எந்நேரத்தில், எவ்வளவு இளைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண் மருத்துவரிடம் கூறத் தயங்கும் பெண்கள் தாதியிடம் முதலில் கூறலாம். குறிப்பெழுதிய பயிற்சிப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.