வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின் மேல் சிறிது தூரம் நடந்து சென்று, ஓரிடத்தில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறு பக்கம் தாழ்ந்த வெளி. தட்டிய ஓசை ஒரே தடவை கேட்டு அடங்கிவிடும். அதைத் திருப்பி அனுப்ப அருகில் சுவர் எதுவும் இல்லை. பிறகு ஊருக்குள் புதிதாகக் கட்டி, இன்னும் சாமான்கள் கொண்டு வைக்காத ஒரு கான்கிரீட் வீட்டின் அறைக்குள் போய் அதே போல் தட்டுங்கள். ‘டப்’ என்ற ஓசைக்குப் பின்னால் ‘ர்ர்ங்’ என்று ஒரு வால் நீளும்.

கையும் அதே கை, தட்டும் அதே தட்டு. பின் வால் எங்கிருந்து வந்தது? நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 3 மில்லிவிநாடி போதும். 3 மீட்டர் அறையில் ஓசை ஒரு விநாடிக்குள் நூறு தடவைக்கு மேல் சுவரில் மோதித் திரும்புகிறது. ஒவ்வொரு மோதலும் ஒரு சிறு எதிரொலி. அவை தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று இழைந்து வாலாக நீள்கின்றன. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

‘மீட்டருக்கு 3 மில்லிவிநாடி’ என்னும் இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இசையைப் பதிவு செய்ய முயல்கிறவர்களுக்கு ஏற்படும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

நண்பர்கள் மூவர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். இருவரிடம் கிதார், ஒருவரிடம் கஞ்சிரா. விடுமுறையில் ஒரு வீட்டில் கூடி ‘ஜாம்’ வாசிக்கிறார்கள். ஜாம் என்றால், முன்கூட்டி எழுதி வைக்காமல், ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த மூவர் வாசித்ததை நன்றாகப் பதிவு செய்ய வேண்டும். பெரிய ஸ்டுடியோவுக்குப் போகப் பணம் இல்லை. முடியுமா?

முடியும். வீட்டில் பதிவு செய்வது பழைய வழக்கந்தான். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் (1915–2009) ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையையே பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டார். 1948இல் வெளிவந்த ‘லவர்’ என்ற அவருடைய இசைத்தட்டில் 8 கிதார்கள் ஒலிக்கும். எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே! ஒரு பகுதியை வாசித்துத் தட்டில் பதிவு செய்வார். அதை ஓடவிட்டுக்கொண்டே அடுத்த பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிவு செய்வார். இப்படியே மேலும் மேலும். நம்மூரில் ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்துப் ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ என்ற சிறு பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல்கள் அங்கே உருவானவை.

அதற்கு முந்திய தலைமுறையின் முறை வேறு. 1960களின் கோடம்பாக்கத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் இசைக்க, எல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிவாகும். பிறகு பிரித்து எடுத்துக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. ஆகவே எந்த வாத்தியத்தை எங்கே உட்கார வைப்பது என்பதே பெரிய கலையாக இருந்தது. உரத்த வாத்தியம் மைக்கிலிருந்து தள்ளி, மென்மையான வாத்தியம் பக்கத்தில். ஒலிக்கலவையை நாற்காலியை நகர்த்தியே செய்தார்கள் எனலாம். காசில்லாத நம் மூவருக்கும் இந்த முறைதான் ஏற்றது என்பது என் கருத்து. ஜாம் என்பதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பது. லெஸ் பாலைப் போல ஒவ்வொருவராக வந்து வாசித்தால் பதிவு சுத்தமாக இருக்கும், ஆனால் ஜாம் இருக்காது.

நாற்காலியை நகர்த்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். ஏரிக்கரையில் இது அப்படியே பலிக்கும். (அங்கே காற்று மைக்கில் மோதி ‘புஸ் புஸ்’ என்று இரைவது வேறு கதை.) வெறும் கான்கிரீட் அறையிலோ, வாத்தியத்தை விட்டு அரை மீட்டர் விலகினாலே நேரே வரும் ஒலியைவிடச் சுவர்களில் பட்டு வரும் ஒலி மிஞ்சிவிடும். அதற்கு அப்பால் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் அளவு அவ்வளவாகக் குறையாது. ஆகவே முதல் வேலை அறையை அடக்குவது.

இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். துணி அடுக்கிய அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். பஞ்சின் இடுக்குகளில் புகும் காற்றின் அசைவு உராய்ந்து வெப்பமாக மாறிவிடும். சிலர் முட்டை அட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டுகிறார்கள். மெல்லிய அட்டை ஒலியை அதிகம் உறிஞ்சாது. வெளிச் சத்தத்தைத் தடுக்கவும் தடுக்காது. பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும் லாரியின் உறுமல் முட்டை அட்டையைப் பார்த்து நிற்கப் போவதில்லை! வாகனம் குறைந்த இரவு நேரம் ஏற்றது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மே மாதத்தில் இது ஒரு தவந்தான்.

மெத்தையாலும் அடக்க முடியாத ஒன்று உண்டு. கிதாரின் ஆறு தந்திகளின் அதிர்வெண்கள், தடித்த ஆறாவது தந்தியிலிருந்து தொடங்கி, முறையே 82, 110, 147, 196, 247, 330 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தியின் 110 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 349 ÷ 110, அதாவது ஏறத்தாழ 3.2 மீட்டர். அறையின் அகலமும் பத்தரை அடி, அதாவது 3.2 மீட்டராக இருந்தால் என்ன ஆகும்? போகும் அலையும் திரும்பும் அலையும் பொருந்தி, நிலை அலை உண்டாகும். சுவர்களின் ஓரத்திலும் அறையின் நடுவிலும் அந்தச் சுரம் முழங்கும். சுவரிலிருந்து 80 சென்டிமீட்டரில், அகலத்தின் கால் பங்கில், அது ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பரைச் சுவரோரம் உட்கார்ந்து ஐந்தாவது தந்தியை மட்டும் விடாமல் மீட்டச் சொல்லுங்கள். நீங்கள் மெல்ல எதிர்ச் சுவரை நோக்கி நடந்து செல்லுங்கள். உங்கள் அறையின் அகலம் வேறானால் முழங்கும் சுரமும் வேறாகும். ‘349-ஐ அகலத்தால் வகு’ என்பதே சூத்திரம். எந்தச் சுரமும் துருத்திக்கொண்டு கேட்காத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மைக்கை வையுங்கள். கருவி வாங்கப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

மைக்கைக் கிதாரின் எந்தப் பகுதிக்கு நேரே வைப்பது? வட்டத் துவாரத்திலிருந்துதானே ஒலி வருகிறது என்று எண்ணி அதற்கு நேரே வைப்பவர் பலர். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒலிப்பது போல, கிதாரின் வயிற்றில் உள்ள காற்றுக்கும் 100 ஹெர்ட்ஸ் அளவில் தனக்கென ஓர் ஒலி உண்டு. துவாரத்துக்கு நேரே அதுதான் ஓங்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேரே, ஓர் அடி தள்ளி வையுங்கள். தந்தியின் கணீரும் பலகையின் இனிமையும் கலந்து கிடைக்கும்.

மைக் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே கிதாருக்கு, ஒன்று 30 சென்டிமீட்டரிலும் மற்றது 1 மீட்டரிலும், வைத்தால் ஒரு வேடிக்கை நிகழும். தூர வேறுபாடு 70 சென்டிமீட்டர். ஒலி இரண்டாவது மைக்கை 2 மில்லிவிநாடி தாமதமாக அடையும். 250 ஹெர்ட்ஸ் அலைக்கு இது சரியாக அரைச் சுற்று. ஒரு மைக்கில் முகடு வரும்போது மற்றதில் அகடு வரும். இரண்டையும் ஒரே அளவில் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும். 247 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் இரண்டாவது தந்தி சோனியாகிவிடும். பாடப் புத்தகத்தில் படிக்கும் குறுக்கீட்டு விளைவு இதுவே.

ஆகவே கிதாருக்கு ஒரு மைக் வீதம் வையுங்கள். கிதாருக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இரு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும். அப்போது அடுத்த கிதாரின் ஒலி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகத்தான் வந்து சேரும். அதனால் பெரிய கெடுதல் செய்ய இயலாது. கஞ்சிராக்காரர் சற்றுத் தள்ளி, இரு மைக்குகளுக்கும் சமதூரத்தில் உட்காரட்டும். அவருடைய தட்டு இரண்டையும் ஒரே கணத்தில் சேரும். எனவே அழிவும் இல்லை, கலவையில் அது தானாகவே நடுவில் நிற்கும்.

மைக் தரும் மின்னோட்டத்தைக் கணினி எண்களாக மாற்றிக்கொள்கிறது. 1982இல் வந்த குறுந்தட்டுக்கு வகுத்த அளவு இன்றும் வழக்கில் இருக்கிறது. விநாடிக்கு 44,100 முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பது. நம் செவி கேட்கும் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிடிக்க ஒரு சுற்றுக்கு இரண்டு முறைக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பதால் இந்த எண். 16 பிட் முறையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. ஒலி அதற்கு மேல் போனால் அலையின் தலை கூரையில் இடித்து மழுங்கி, கரகரப்பாகிவிடும். மழுங்கிய அலையை முழுதாக மீட்க முடியாது. உச்ச ஒலி கூரையின் நான்கில் ஒரு பங்கை ஒட்டி நிற்குமாறு அளவைக் குறைத்தே பதிவு செய்யுங்கள். கைப்பேசியில் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கைப்பேசிகள் ஒலியின் அளவைத் தாமே ஏற்றி இறக்கும். மென்மையாக வாசித்ததும் உரக்க வாசித்ததும் ஒன்றுபோல் ஆகிவிடும். நிறுத்த முடிந்தால் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

கணினி வழியாக வரும் ஒலியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிப்பவர்களுக்கு நம் எண் மீண்டும் எதிர்ப்படும். கணினி ஒவ்வோர் எண்ணாக அனுப்பாமல் மூட்டை மூட்டையாக அனுப்புகிறது. மூட்டைக்கு 128 எண்கள் என்றால் தாமதம் 2.9 மில்லிவிநாடி, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தது போல. 1,024 எண்கள் என்றால் 23 மில்லிவிநாடி. நண்பர் 8 மீட்டர் தள்ளிப் போய்விட்டார் என்று பொருள், தாளம் தடுமாறும்.

லண்டனில் இருக்கும் அத்தை மகனோடு இணையம் வழியே ஜாம் வாசிக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒளியிழையில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். ஒரு வழிக்கே 41 மில்லிவிநாடி! கேபிள் நேர்க்கோட்டில் போவதும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் இதைக் குறைக்க வழி இல்லை. அவருக்கு மட்டும் லெஸ் பால் முறைதான். பதிவை அனுப்பி வைத்தால் அவர் அதைக் கேட்டுக்கொண்டே வாசித்துத் தம் பங்கைத் திருப்பி அனுப்புவார்.

இனி ஒலிக்கலவை. பெயர் பெரிதாக இருந்தாலும் செயல் வெறும் கூட்டல்தான். ஒரு தடத்தில் அந்தக் கணத்தின் எண் 20,000, இன்னொன்றில் 15,000 என்றால் கலவையில் 35,000. கூரையோ 32,767. எனவே ஒன்று கேட்கவில்லை என்றால் அதைக் கூட்டுவதற்கு முன், மற்றதைக் குறைத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

இரு கிதார்களும் ஒரே கட்டைகளில் வாசித்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். ஒருவர் ஐந்தாம் கட்டையில் கேப்போ மாட்டி உயர்ந்த சுரங்களில் வாசித்தால், எந்தப் பொத்தானையும் திருகாமலே இரண்டும் விலகி நிற்கும். பிறகு ஒன்றை இடப் பக்கமும் மற்றதை வலப் பக்கமும் சிறிது ஒதுக்குங்கள். லாரி உறுமலைக் குறைக்க 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். கிதாரில் அங்கே இழக்க ஏதும் இல்லை. எதிர்முழக்கத்தைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். சாம்பாரில் உப்புப் போல, குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். பதிவிலேயே ஏறிவிட்ட முழக்கத்தை அகற்றும் மென்பொருள்கள் இன்று உண்டு. ஆனால் அவை கிதாரின் குணத்தையும் கொஞ்சம் சுரண்டிவிடும்.

முடித்த பின் ஒரு சோதனை பாக்கி. கலவையை ஹெட்போனில் கேட்ட பிறகு, ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியிலும் கேளுங்கள். ஹெட்போனில் இடமும் வலமும் தனித்தனிக் காதுக்குப் போகும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூட்டப்படும். ஆசைப்பட்டு ஒரே கிதாருக்கு இரண்டு மைக் வைத்தவர்கள் பிடிபடுவது இங்கேதான். இரண்டாவது தந்தி திடீரென்று மெலிந்து கேட்டால், தொலைவில் இருந்த மைக்கின் தடத்தை 2 மில்லிவிநாடி, அதாவது 88 எண்கள், முன்னால் நகர்த்துங்கள். முகடும் முகடும் சேர்ந்துவிடும், தந்தியும் திரும்பி வந்துவிடும்.