திருத்திய படம் கேசட்டில் ஏற மறுப்பதேன்?

நோயுற்றுப் படுக்கையில் இருந்த அசிசி நகரப் புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தவாறே கண்டார் என்பது திருச்சபையின் மரபு. இதை நினைவுகூர்ந்தே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். தொலைவில் நடப்பதை வீட்டிலிருந்தே காண்பது இன்று நமக்கு வியப்பன்று. காலத்தால் தொலைவில் போய்விட்டதைக் காண உதவுபவை நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் சிறிய வீடியோ கேசட்டுகள்.

1995-ல் அறிமுகமான இக்கேசட்டுக்கு 'மினி டி.வி.' என்று பெயர். இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சியன்று, 'டிஜிட்டல் வீடியோ' என்பதன் சுருக்கம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ ஞானஸ்நானங்களும், புதுநன்மை விழாக்களும், திருமணங்களும் இதில் பதிவாயின. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி, வேண்டாதவற்றை வெட்டி, தலைப்பு எழுதிச் சீர்செய்கிறோம். பின்பு கேமராவைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்கவும், கணிப்பொறி பழுதானால் வேறொரு பிரதி இருக்கவும், சீர்செய்த படத்தை மீண்டும் கேசட்டில் ஏற்ற விரும்புகிறோம். இந்த இடத்தில்தான் பலருக்குத் தடை ஏற்படுகிறது. அத்தடைகளின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை

பழைய கேசட்டின் மேல் ஒருபோதும் புதிய படத்தை ஏற்றக் கூடாது. புதிய பதிவு பழையதை அழித்தே எழுதப்படும். அழிந்ததை வீட்டில் மீட்க வழியில்லை. மறைந்த தாத்தாவின் குரல் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே வேலையைத் தொடங்குமுன், கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' என்ற பக்கம் தள்ளிவிட வேண்டும். அப்பொழுது கேமரா அதில் எதையும் பதியாது. திருத்திய படத்திற்குப் புதிய கேசட் ஒன்றை எடுத்து, அதன் தாழ்ப்பாள் 'ரெக்' என்ற பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். "கேமரா பதிய மறுக்கிறது" என்ற முறையீடு பலமுறை இந்தத் தாழ்ப்பாளிலேயே முடிந்துவிடும்.

கேமராவைக் கணிப்பொறி அறியாவிடில்

கேமராவின் குமிழ் படம் பிடிக்கும் நிலையில் இருக்கக் கூடாது, 'வி.சி.ஆர்.' அல்லது 'பிளே' என்ற நிலையில் இருக்க வேண்டும். பாட்டரியை நம்பாமல் மின்இணைப்பிலேயே கேமராவை இயக்குவது நல்லது.

அடுத்துக் கம்பியைக் கவனிப்போம். இவ்வகைக் கேமராக்களில் யு.எஸ்.பி. கம்பி பெரும்பாலும் நிழற்படங்களுக்காக அமைந்தது. கேசட்டுக்கு உரிய வழி 'ஃபயர்வயர்' என்ற கம்பியே. சோனி நிறுவனம் இதை 'ஐ-லிங்க்' என்று அழைத்தது. கேமராப் பக்கம் நான்கு முனைகளும், கணிப்பொறிப் பக்கம் பெரும்பாலும் ஆறு முனைகளும் இருக்கும். ஆறு முனைக் கம்பியில் மின்சாரமும் ஓடுவதால், அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கருவி பழுதாகிவிடும். பொருந்தாவிட்டால் பலத்தைக் காட்டாமல் திருப்பிப் பார்க்க வேண்டும்.

படம் வருகிறது, போகவில்லை என்றால்

கேமராவிலிருந்து கணிப்பொறிக்குப் படம் நன்றாக வருகிறது. திரும்பிப் போக மட்டும் மறுக்கிறது. இது வியப்பான தடை. இதன் காரணம் இயந்திரத்தில் இல்லை, வரிச் சட்டத்தில் இருக்கிறது! வெளியிலிருந்து வரும் படத்தைப் பதியக்கூடிய கேமராவை, ஐரோப்பியச் சுங்க விதிகள் வீடியோ ரிக்கார்டராகக் கணக்கிட்டு அதிக வரி விதித்தன. ஆகவே உற்பத்தியாளர்கள் ஐரோப்பாவில் விற்ற பல கேமராக்களில் உள்வழியை அடைத்துவிட்டார்கள். உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த கேமராவானால் இதைச் சோதிப்பது அவசியம். துளையின் அருகே 'டி.வி. இன்/அவுட்' என்று எழுதியிருந்தால் இருவழியும் உண்டு. 'அவுட்' மட்டுமே இருந்தால் நம் கம்பியிலும் கணிப்பொறியிலும் குறை தேடுவது வீண். இருவழிக் கேமரா ஒன்றை இரவல் பெறலாம். அல்லது படத்தை டி.வி.டி. தட்டில் எழுதிக்கொள்ளலாம்.

முறை பொருந்தாவிடில்

இந்தியாவில் விற்ற கேமராக்கள் பி.ஏ.எல். முறையைச் சேர்ந்தவை, விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவை என்.டி.எஸ்.சி. முறை, விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். படம் ஒரு முறையிலும் கேமரா மற்றொரு முறையிலும் இருந்தால் பதிவு நடைபெறாது. மேலும், கைப்பேசியிலும் இணையத்திலும் வழங்கும் எம்.பி.4 கோப்பை இக்கேமராவுக்கு அப்படியே அனுப்ப முடியாது. திருத்தும் மென்பொருளில் கேமராவின் முறைக்கேற்ற டி.வி. வடிவத்துக்கு மாற்றியபின்பே அனுப்ப வேண்டும்.

இடையிடையே அறுந்துபோனால்

நம் தையல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது நூல் அறுந்தால் துணி நிற்பதில்லை; தையல் விழாமலே நகர்ந்துபோகிறது. கேமராவும் அப்படியே. நாடா ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரப் படத்திற்கு ஒரு மணி நேரம் முழுவதும் ஆகும். விநாடிக்குச் சுமார் 3.6 மெகாபைட் வீதம் கணிப்பொறி இடைவிடாது செய்தியை ஊட்ட வேண்டும். அது ஒரு கணம் தாமதித்தாலும் அங்கே படம் துள்ளும். ஆகவே பதியும்போது மற்ற வேலைகளை மூடிவிட வேண்டும். இணையத் தொடர்பையும் துண்டிப்பது நல்லது. ஒரு மணி நேரப் படத்திற்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டுமாதலால் வட்டில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பதிந்த படத்தில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் தெரிந்தால் கேமராவின் தலைப்பகுதியில் தூசி படிந்திருக்கலாம். அதற்கென உள்ள சுத்தம் செய்யும் கேசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓட்ட வேண்டும்; பஞ்சுக் குச்சியால் தேய்க்கக் கூடாது. 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பதியும் 'எல்.பி.' முறை சிக்கனமாகத் தோன்றினாலும், அப்பதிவு வேறொரு கேமராவில் சரியாக ஓடாமல் போகலாம். தொடக்கம் வெட்டுப்படாமலிருக்க, படத்தின் முன் பத்து விநாடி வெறும் கறுப்புத் திரையைச் சேர்த்துக்கொள்வோம்.

நாம் கற்கும் பாடம்

தடை வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது குறை என்பது என்றும் விளங்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நிமிடப் படத்தை ஏற்றிச் சோதிப்பதே முறை. ஆய்வுக்கூடத்தில் நாம் பயில்வதும் இதுவே. ஏற்றிய பிறகு முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளி, யார், எங்கே, எந்த ஆண்டு என்று உறையில் எழுதி வைப்போம்.

இவ்வகைக் கேமராக்கள் இன்று கடையில் புதிதாகக் கிடைப்பது அரிது. இருப்பவையும் ஆண்டுதோறும் பழுதாகின்றன. நாடாவும் நாளடைவில் நலிவடையும். எனவே கேசட்டில் ஏற்றியதோடு நின்றுவிடாமல், கணிப்பொறியில் உள்ள பிரதியையும் வேறு இரண்டு இடங்களில் சேமித்தல் வேண்டும். இவ்விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அலமாரியைத் திறப்பார்களாக. பாட்டி அருகில் இருக்கும்போதே படத்தைப் போட்டு, அதில் வருவோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வோம். கேசட்டைச் சீர்செய்ய இயந்திரம் அறிந்தவர் கிடைப்பார். அந்தப் பெயர்களைச் சொல்ல அவரன்றி வேறொருவர் கிடைக்கமாட்டார்.